கண்ணாடிப் பெட்டிக்குள் போன குழந்தை இயேசு

பதினாறு வருஷம் கப்பலில் சமையல்காரனாக இருந்தேன். கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரன் ஓய்வு பெற்று இறங்கியபோது, தன் குழந்தை இயேசு சுரூபத்தை என்னிடம் கொடுத்தான். சிவப்பு வெல்வெட் அங்கி, கிரீடம், காலில் சப்பாத்து. ஸ்பெயின்காரர்கள் அவன் நாட்டுக்குக் கொண்டுவந்த சுரூபத்தின் சாயலாம்.

"உங்களை அடிமைப்படுத்தியவன் கொடுத்ததையா கும்பிடுகிறீர்கள்?" என்றேன்.

"அவன் போய்விட்டான். குழந்தை எங்களோடு தங்கிவிட்டது. உனக்கு இன்னும் கடல் பாக்கி இருக்கிறது, வைத்துக்கொள்" என்றான்.

நானும் கப்பலை விட்டு வந்தபின், தூத்துக்குடிக்குத் தெற்கே, எங்கள் ஊரில், அதை வீட்டில் வைத்தோம். கோயில் கமிட்டித் தலைவர் பார்க்க வந்தார். விசைப்படகுகளின் சொந்தக்காரர், ஜெபமாலையைவிட மைக்கை அதிகம் பிடித்த கை. "ஏலே, சாமிக்கு எதுக்குல சப்பாத்து? நம்ம ஊரு சாமி மாதிரியே இல்லியே" என்றார். போர்ச்சுக்கீசியர் காலத்தில் கப்பலேறி வந்த மாதாவைத் தேரில் வைத்து இழுக்கிற மனுஷர்.

ஒருநாள் அவருடைய படகு நடுக்கடலில் இன்ஜின் பழுதாகி நின்றது. அதில் என் மனைவியின் தம்பி இருந்தான். அவள் சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டபடியே கிடந்தாள். மறுநாள் வேறொரு படகு அதைக் கட்டி இழுத்து வந்தது. இழுத்து வந்தவர்களுக்கு ஒரு டீகூட வாங்கித் தராத தலைவர், சாயங்காலமே குழந்தை இயேசு செய்த 'புதுமை', பெரிய அற்புதம் என்று மைக்கில் அறிவித்தார். ஒரு வாரம் ஊர் வணக்கத்துக்கு என்று சுரூபத்தைத் தூக்கிப்போனார்.

கடற்கரையில் குகை மாதிரி ஒரு சின்னக் கோயில், கெபி, எழும்பியது. குழந்தையைவிடப் பெரிய எழுத்தில் அவர் பெயர். கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு, சாவி அவர் இடுப்பில். ஆறு மாதம் கழித்துத் திருப்பிக் கேட்டேன்.

"சாமிய வீட்டுல பூட்டி வைக்கலாமாலே?" என்றார், சாவியைத் தடவிக்கொண்டே. வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அவரைவிட என்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு.

என் மனைவி பேசிக்கொண்டிருக்கவில்லை. திருவிழாவன்று, போட்டோவுக்காக அவர் பெட்டியைத் திறந்து மாலை போட்டபோது, வரிசையில் நின்றவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"ஏளா, என்ன செய்த?"

"ஒரு வாரம்னு சொன்னிய. ஆறு மாசமாச்சு. புள்ளய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், அண்ணாச்சி."

வரிசை விலகி அவளுக்கு வழிவிட்டது. யாரும் தடுக்கவில்லை.

இரண்டே நாளில் தூத்துக்குடிக் கடையிலிருந்து வேறொரு சுரூபம் வந்து பெட்டியில் ஏறியது. "இது அதைவிடப் பெருசு" என்று மைக்கில் சொன்னார். வழிவிட்ட அதே ஜனம் மறுபடி மெழுகுதிரியோடு வரிசையில் நின்றது. அடுத்த வாரமே அதுவும் புதுமை செய்யத் தொடங்கிவிட்டது.