மார்த்தா அக்கா திறந்த ஜன்னல்

ஞாயிறு காலை. சிராங்கூன் சாலைக் கடையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே ஊர் வம்பை விரித்துக்கொண்டிருந்தேன். திருப்பலி முடிந்து நேரே வந்த நம் அலுவலக ஜோசப், "குணா, மார்த்தா அக்கா போயிட்டாங்க" என்றார். பாதியில் நின்ற வம்பு யாரைப் பற்றியது என்பதே மறந்துபோனது.

சிங்கப்பூர்க் கப்பல் கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அக்காவின் தட்டச்சு மேசையும் என் மேசையும் ஒட்டியே கிடந்தன. நான் சிகரெட் பற்றவைத்தால் அவர் எழுந்து ஜன்னலைத் திறப்பார். "ஏர்கான் வெளியே போகுதுலா அக்கா" என்று நான் மூடுவேன். அடுத்த சிகரெட்டுக்கு மறுபடியும் திறப்பார். தெருவில் நிற்கும் மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் அக்கா ஜன்னலைத் திறக்கிறார் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டேன். எல்லாரும் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார். "சிகரெட் குடிக்காத மாப்பிள்ளையா தேடிட்டு இருக்கேன், குணா" என்றார்.

சிகரெட்டைத் தொட்டே பார்க்காத அவருக்குத்தான் நுரையீரலில் புற்றுநோய் வந்தது. எக்ஸ்ரேயும் சதைத் துணுக்குச் சோதனையும் உறுதி செய்தன. இரத்தத்தில் புற்றுநோயின் அடையாளத்தைத் தேடும் சி.இ.ஏ. சோதனையில் மட்டும் அவருடைய எண் சாதாரணமாகவே இருந்தது. கேள்விப்பட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "உங்களுக்கு எதுக்கு?" என்ற டாக்டரை நச்சரித்து அதே சோதனையைச் செய்துகொண்டேன். என் எண் அக்காவுடையதைவிட உயரத்தில் நின்றது.

லீவு போட்டேன். தோ பாயோ அடுக்குமாடி வீட்டில் போர்த்திப் படுத்துக்கொண்டு, ஃபோன் செய்தவர்களிடமெல்லாம் விடைபெற்றேன். உங்களில் சிலர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தீர்கள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அக்காவும் வந்தார். எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. சிகிச்சையில் பாதியாகிப்போன உடம்போடு படியேறி வந்து, வாசல் கிரில்லைப் பிடித்தபடி வெகுநேரம் மூச்சு வாங்கினார். நான் கட்டிலைவிட்டு எழவில்லை. நோயாளி அல்லவா?

"என் டாக்டர்கிட்ட கேட்டுட்டேன்" என்றார். "சிகரெட் குடிக்கிறவங்களுக்கு நோய் இல்லாமலே அது கொஞ்சம் ஏறி நிக்குமாம். சில பேருக்கு நோய் இருந்தும் ஏறாதாம், என்னை மாதிரி. இரத்தத்த மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம்லா. எக்ஸ்ரே எடு. சிகரெட்ட விட்டுட்டு மறுபடி டெஸ்ட் பண்ணு." இன்னொரு தடவை மூச்சு வாங்கினார். "இப்ப எழுந்திரு. எனக்கு டீ போடு."

என் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. சிகரெட்டை விட்டேன், எண்ணும் இறங்கியது. அதைச் சொல்ல ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவருடைய குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் பாஸ்" என்று என் கையைத் தட்டினார். அவருடைய எண் கடைசிவரை ஒழுங்காகவே இருந்தது.

அத்தனை வருடம் பக்கத்து மேசையில் நான் விட்ட புகையைப் பற்றி மட்டும் எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை.

அக்கா நோயில் படுத்த பிறகு அந்த மேசைக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள். நான் காலையில் வந்ததும் ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு வேலைதான். "அங்கிள், யாரும் சிகரெட் குடிக்கலையே, ஏர்கான் வெளியே போகுதுலா" என்கிறாள் அந்தப் பெண். அவளைச் சிரிக்கவைக்க ஒரு கதை தேடுகிறேன். வரவில்லை. ஜன்னல் பக்கத்திலேயே நிற்கிறேன்.