எலோயிசாவின் இம்பாலா

எஸ்பன்யோலாவில் கார் என்றால் தரையைத் தடவிக்கொண்டு போக வேண்டும். வயிறு ரோட்டில் உரசாத வண்டியை எங்கள் ஊரில் ஒருத்தனும் மதிக்கமாட்டான். ஈஸ்டர் ஞாயிறு பூசை முடிந்ததும் பெரிய தெருவில் நடக்கும் ஊர்வலத்தில் ஆண்கள் ஓட்டுவார்கள், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையசைப்பார்கள். எலோயிசா ஆர்ச்சுலெட்டாவுக்கு இதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். டயர் பட்டறையில் வேலை பார்ப்பவள், நாள் முழுக்க ஆண்களின் வண்டிக்கடியில் கிடப்பவள், கையசைக்கவா பிறந்தாள்?

அந்த வருஷம் அவளுக்கென்று ஒரு வண்டி கிடைத்தது. மலைமேல் ஒரு கொட்டகையில் படுத்துக் கிடந்த அறுபத்துநாலாம் வருஷத்து இம்பாலா. மூக்கு தரையோடு தரையாகக் கிடந்ததைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஊர்வலத்துக்கு முந்தின நாள் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. முன்சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயிண்ட் இரண்டு பக்கமும் தேய்ந்து ஆடியது. மாற்றாமல் ஓட்டினால் சக்கரம் கழன்று படுத்துவிடும்.

உதவிக்கு அண்ணன் ஃபெர்மின் வந்தான். ஊரிலேயே தாழ்ந்த வண்டி அவனுடையது, அந்த மிதப்பு வேறு. எலோயிசா பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, வண்டிச் சட்டத்துக்கடியில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்பு ஆர்முக்குக் கீழே ஜாக்கியை முட்டுக் கொடுத்தாள். பிறகு தடித்த சங்கிலியை, ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவில் நிற்கும் ஸ்பிரிங்குக்குள் விட்டுச் சட்டத்தோடு சேர்த்துப் போல்ட் போட்டு முறுக்கினாள். ஃபெர்மின் சிரித்தான். வண்டி இவ்வளவு தாழ்ந்திருக்கிறதே, எவனோ ஸ்பிரிங்கை எப்போதோ அறுத்துக் குட்டையாக்கிவிட்டான், அறுத்த ஸ்பிரிங்குக்கு ஏது வேகம், நாயைக் கட்டுவதுபோல் கட்டுகிறாளே என்று கேலி செய்தான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டறையில் ஸ்பிரிங் பாய்ந்து ஒருத்தனுக்குத் தாடை உடைந்ததைக் கண்ணால் பார்த்தவள்.

ஜாயிண்டைத் தட்டிக் கழற்றி ஜாக்கியை மெல்ல இறக்கினாள். ஆர்ம் சாதுவாக இறங்கியது. ஸ்பிரிங் அசையாமல் தொளதொளவென்று உட்கார்ந்திருந்தது.

“பாத்தியா? நான் சொன்னேன்ல,” என்று சங்கிலிப் போல்ட்டில் கை வைத்தான் ஃபெர்மின்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ஸ்பிரிங்கில் அப்பியிருந்த சேற்றுக்குள் என்னவோ துருத்திக்கொண்டிருந்தது.

“அண்ணே, கையை எடு. இது அறுத்த ஸ்பிரிங் இல்ல. எவனோ கிளாம்ப் போட்டு அமுக்கி இறுக்கி வச்சிருக்கான்.”

அவனை அந்தப் பக்கம் தள்ளி, தானும் முன் மட்கார்டுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, நீளக் குழாயால் அந்தச் சேற்றை லேசாகத் தட்டினாள். துருப்பிடித்த கிளாம்ப் படீரென்று தெறித்தது. முழு நீள ஸ்பிரிங் ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து, ஃபெர்மின் குனிந்து முகத்தை நீட்டியிருந்த இடத்தில், சங்கிலி விறைத்து நிற்க, அந்தரத்தில் ஆடியது. எலோயிசாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சண்டாளி.

மறுபக்கமும் அதே கதைதான். கிளாம்ப் எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, புது ஜாயிண்டுகளைப் போட்டு வண்டியை இறக்கினால், ஸ்பிரிங் முழு நீளத்துக்கு நிமிர்ந்து நிற்க, அதன் மூக்கு வானத்தைப் பார்த்தது. ஈஸ்டருக்கு இப்படியொரு வண்டியா! பழையபடி கிளாம்ப் போட்டுத் தாழ்த்தலாம் என்று ஃபெர்மின் முணுமுணுத்தான். அவளுக்கு அழுகை முட்டியது. இந்த ஞாயிற்றுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள்.

“மாட்டேன். நாளைக்கு இப்படியேதான் ஓட்டுவேன்,” என்றாள்.

ஓட்டவும் செய்தாள். பூசை முடிந்து வெளியே வந்த கூட்டம் இம்பாலாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. எலோயிசா முகம் சிவக்க எஞ்சினைக் கிளப்பினாள். அப்போது ஃபெர்மின் தன் வண்டிச் சாவியைப் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு நேரே வந்து, இம்பாலாவின் கதவைத் திறந்து தங்கைக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். பெரிய தெருவில் நின்றவர்களுக்குக் கொண்டாட்டம் தாங்கவில்லை.

“என்ன ஃபெர்மின், வயலுக்கு டிராக்டர் போவுதா?” என்று எவனோ கத்தினான்.

ஃபெர்மின் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

“நல்லா பாத்துக்க. என் மூஞ்சி முழுசா இருக்கு,” என்றான். பிறகு தெரு முடியும்வரை இரண்டு பக்கமும் கையசைத்துக்கொண்டே வந்தான்.