போயிடுச்சு அண்ணன் கடையில் போகாதவை

எங்க வீட்டுக்காரர் நடத்துறது ஜெராக்ஸ் கடைதான். ஆனா பேச்சைக் கேட்டா உச்ச நீதிமன்றமே இவர் மேசைக்குப் பின்னாடிதான் நடக்குதுன்னு நினைப்பீங்க. தினம் காலையில கடை வாசல் கரும்பலகையில ஒரு தொழில்நுட்பச் செய்தி எழுதுவார், அதுக்குக் கீழ அவரோட தீர்ப்பு. போன வாரம் எழுதினது: "பெரிய கம்பெனி ஒன்று மக்களின் படங்களைத் தவறுதலாகச் சேமித்துவிட்டதாம். அடுத்தவர் வீட்டில் தவறுதலாக மூன்று வருஷம் குடியிருக்க முடியுமா?" பஸ்ஸுக்கு நிக்கிறவங்க படிச்சுட்டுச் சிரிப்பாங்க. இவர் உள்ள நின்னு காது குளிரக் கேட்பார்.

யார் எதை ஸ்கேன் பண்ண வந்தாலும், வேலை முடிஞ்சதும் திரையை அவங்க பக்கம் திருப்பி, ஃபைலை அழிச்சு, குப்பைத் தொட்டியையும் காலி பண்ணி, "போயிடுச்சா?"ன்னு கேட்பார். அவங்க வாயைத் திறந்து "போயிடுச்சு"ன்னு சொன்னாத்தான் ஆளை விடுவார். அதனால எல்லாருக்கும் அவர் போயிடுச்சு அண்ணன். அந்த ஒரு பேரை வச்சுத்தான் மனுஷன் நெஞ்சை நிமித்திட்டு நடக்கிறார்.

இப்ப நான் அடிச்ச கூத்தைச் சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி புது கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கு, அதோட நிபந்தனைகளை இவர் படிக்கிறார், படிக்கிறார், படிச்சுட்டே இருக்கிறார். பதினொண்ணாம் பக்கத்துல கண்ணாடியைத் துடைக்க எழுந்து போனார். வெளியில ஆறு பேர் காத்துட்டு நிக்கிறாங்க. நான் என் ஈமெயிலைப் போட்டு, வந்த கேள்விக்கெல்லாம் சம்மதம், சம்மதம்னு அழுத்தித் தள்ளிட்டேன். அதுல ஒண்ணு, "உங்கள் படங்களைப் பத்திரமாக வைக்கட்டுமா?" பத்திரமா வைக்கிறதை யாராவது வேண்டாம்பாங்களா?

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி என் போன் திடீர்னு, "இந்த நாள் நினைவிருக்கிறதா?"ன்னு ஒரு படத்தைக் காட்டுச்சு. பார்த்தா யாரோட முழங்கால் எக்ஸ்ரேயோ! பின்னணியில வயலின் வேற. அடுத்தது பால்காரரோட பாஸ்போர்ட் போட்டோ, அதுக்கடுத்தது தையல்காரம்மாவோட வாடகை ஒப்பந்தம். கடையில ஸ்கேன் பண்ணின ஒவ்வொண்ணும், இவர் அழிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு நகலா அந்த ஈமெயில் வழியா என் போனுக்கு வந்து சேர்ந்திருக்கு. சொன்னா மனுஷன் இடிஞ்சு உட்கார்ந்துடுவாரே! எதையாவது தொட்டா இன்னும் என்ன ஆகுமோன்னு பயந்து அழிக்கவும் இல்ல. கமுக்கமா இருந்துட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு நர்ஸ் பொண்ணு மூச்சிரைக்க ஓடி வந்துச்சு.

"அண்ணே, போன மாசம் இங்க ஒரு அனுபவச் சான்றிதழ் ஸ்கேன் பண்ணினேனே? பஸ்ஸுல பையைத் தொலைச்சுட்டேன். சான்றிதழ், பென் டிரைவ், போன் எல்லாம் அதுல. அதைக் கொடுத்த ஆஸ்பத்திரியையே மூடிட்டாங்க. மூணு மணிக்குள்ள அனுப்பலைன்னா இந்த வேலை எனக்கு இல்லண்ணே!"

இவர் முகம் சுண்டிப்போச்சு. "அழிச்சுட்டேனேம்மா. நீயும் பார்த்தியே."

பொண்ணு ஸ்டூல்ல உட்கார்ந்து அழ ஆரம்பிச்சுடுச்சு. மணி ரெண்டு பத்து. நான் அந்தப் பொண்ணைப் பார்க்கிறேன், இவரைப் பார்க்கிறேன். வாயைத் திறந்தா இவர் பேரு காலி. திறக்கலைன்னா அந்தப் பொண்ணோட வேலை காலி.

"அது போகலைங்க"ன்னு சொல்லிட்டேன்.

என் போன்ல தேதியை வச்சுத் தேடினா, சான்றிதழ் முத்திரையோட பளிச்சுன்னு நிக்குது! பொண்ணு போட்ட கூச்சல்ல பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஓடி வந்துட்டார். என்னைக் கட்டிப்பிடிச்சு ரெண்டு சுத்து சுத்திடுச்சு, எனக்குத் தலையே கிறுகிறுன்னு ஆயிடுச்சு. ரெண்டு இருபத்தஞ்சுக்கு அனுப்பியாச்சு.

இவர் மட்டும் என் போனை வெறிச்சுப் பார்த்துட்டு நின்னார்.

"எத்தனை இருக்கு?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

சாக்பீஸை எடுத்துட்டு விறுவிறுன்னு வெளியில போனார். நான் பின்னாடியே ஓடினேன்.

"என்னங்க, வேண்டாங்க! நாமளே உட்கார்ந்து அழிச்சுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எல்லாக் கம்பெனிக்காரனும் இதைத்தானே சொல்றான்? அவங்க காகிதம். அவங்ககிட்ட சொல்லாம எப்படி?"

எழுதினார்: "மூன்று வருஷமாக உங்கள் காகிதங்களின் நகல் எங்களிடம் இருந்திருக்கிறது. தவறு கடைக்காரருடையது. வந்து உங்கள் கையாலேயே அழித்துவிட்டுப் போகவும்."

என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. எனக்கு வந்ததே கோபம்! சாக்பீஸைப் பிடுங்கி, "சம்மதம் என்று அழுத்தியது நான். தெரிந்தும் இரண்டு மாசம் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான்தான். கடைக்காரி"ன்னு எழுதினேன். அவர் படிச்சுட்டு, "பஸ் ஸ்டாப்புல இருந்து பார்த்தாத் தெரியாது, பெரிசா எழுது"ன்னார். சிரிச்சாரா அழுதாரான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அரை மணி நேரத்துல கடை கொள்ளாத கூட்டம். தையல்காரம்மா பிடிச்ச பிடி இருக்கே! "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு, எங்க வண்டவாளத்தையெல்லாம் சேர்த்து வச்சிருந்தீங்களா?" இவர் தலையைக் குனிஞ்சு, "ஆமாம்மா, தப்புதான்"னார். ஆனா அழிக்க உட்கார்ந்ததும் கடையே கல்யாண வீடு மாதிரி ஆயிடுச்சு. பால்காரர் தன் போட்டோவைப் பார்த்து, "அடடா, அப்ப எனக்கு முடி இருந்திருக்கே! இதை எப்படி அழிப்பேன்?"னு புலம்பறார். முழங்கால் எக்ஸ்ரே என்னோடதுன்னு மூணு பேர் சண்டை. ஒவ்வொருத்தர் அழிக்கும்போதும் கூட்டமே "போயிடுச்சு!"ன்னு கத்துது. நான் சிரிச்ச சிரிப்புல எனக்குப் புரையேறிடுச்சு.

ஆறு மணிக்கு ஒருத்தரும் இல்ல. "நாளையில இருந்து யாரு வருவா?"ன்னு கேட்டார். ஷட்டரைப் பாதி இறக்கியாச்சு.

அதுக்குக் கீழ குனிஞ்சு தையல்காரம்மா உள்ள வந்தாங்க. முகத்துல கடுப்பு இன்னும் தீரல. பையில இருந்து நாலா மடிச்ச காகிதத்தை எடுத்தாங்க.

"வக்கீல் கொடுத்தது. வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது. ரெண்டு காப்பி வேணும்."

இவர் காகிதத்தைத் தொடவே இல்ல. "வேற கடை இருக்கேம்மா."

"இருக்கு. அங்க தப்பு நடந்தா எனக்கு யாரு சொல்லுவா?"

இவர் காகிதத்தை வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிட்டே பிரிச்சு மெஷின்ல வச்சார். பார்க்காம வச்சதுல காகிதம் கோணிப்போய், முதல் காப்பி பாதிதான் விழுந்துச்சு. அதைக் கிழிச்சு அவங்க கையிலயே கொடுத்துட்டு, மறுபடி போட்டார்.