மேலே போகிற வேகம்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இரண்டு பெயர். ஒன்று ரேஷன் கார்டில் இருப்பது, இன்னொன்று அப்பா கையால் வைத்தது. அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. தங்கையைச் சொல்ல ஆள்காட்டி விரலைத் தன் கன்னத்தில் அழுத்துவார். அவள் சிரித்தால் அந்த இடத்தில் குழி விழும். என்னைச் சொல்ல இரண்டு முஷ்டிகளையும் முட்ட வைப்பார். சின்ன வயதிலிருந்தே நான் சண்டைக்காரி. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் பொய் என்று சொல்ல முடியாது.

திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்குக் காசிமேட்டில் லேத் பட்டறையில் வேலை. விசைப்படகு இன்ஜின்களுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பார். தங்கைக்கு ஐந்து வயதாகும்போதே அம்மா இறந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குத் தலை வாரிப் பின்னல் போட்டதெல்லாம் அப்பாதான். நான் பின்னினால் கோணலாக வருகிறதாம். அவருடைய கைப்பேச்சு எந்தப் பள்ளியிலும் கற்றதல்ல, எங்கள் மூன்று பேருக்குள்ளேயே வளர்ந்தது. அவருக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. அளவுகளும் எண்களும் மட்டும் தெரியும்.

அந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது ஒற்றை விரல் சைகை ஒன்று. ஆள்காட்டி விரலை நிமிர்த்தி, மடக்கி, மறுபடி நிமிர்த்துவார். 'இந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை, சும்மா தலையாட்டுகிறான்' என்று அர்த்தம். மளிகைக் கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், வாழ்நாள் முழுக்க அவருக்கு முன்னால் அப்படித் தலையாட்டியவர்கள் ஏராளம். எவ்வளவு மரியாதையாக ஆட்டினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

தங்கைக்குக் கல்யாணமாகி சிங்கப்பூர் போன அன்று அப்பா விமான நிலையத்துக்கு வரவில்லை. காலையிலேயே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். கண்ணாடிக் கதவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள் அவள். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்தால் முதல் கேள்வியே, "அப்பாவுக்கு எம்மேல கோவமாக்கா?" என்பதுதான். நான் போனைக் கையில் வைத்தபடி அப்பாவிடம் கேட்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் நான் விடாமல் நச்சரித்ததும், "அவளிடம் நானே சொல்கிறேன். உன் வாயால் வேண்டாம்" என்று கைகளால் அடித்துச் சொல்லிவிட்டார்.

அவரே சொல்வதென்றால் அவர் கையை அவள் பார்க்க வேண்டும். வீட்டுக்கு இன்டர்நெட் வாங்குவது என்று நான் முடிவு செய்தது அன்றைக்குத்தான். துறைமுகத்துக்கு எதிரே, சரக்குக் கப்பல்களுக்குப் பத்திரம் தயாரிக்கிற ஓர் ஆபீசில் எனக்கு வேலை. அங்கே கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தேன். கேமரா ஒன்று வாங்கி அதன் தலையில் மாட்டினேன். கனெக்‌ஷனுக்குத் தெருவில் டிவி கேபிள் விடுகிறவரிடம் போனேன்.

"இன்னா யக்கா இவ்ளோ யோசிக்கிற? நம்ம லைன் போட்டா படம் சும்மா அள்ளும். தங்கச்சி பக்கத்து வூட்ல கீற மாதிரி தெரியும்" என்றார். வேகத்தை ஒரு எண்ணாகச் சொன்னார். அரசாங்க டெலிபோன்காரர்கள் தருவதைப் போல இரண்டு மடங்கு. நான் மயங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். திரையில் தங்கை வந்தாள். கேபிள்காரர் சொன்னது பொய்யில்லை. அவள் காதில் தோடு மாற்றியிருப்பதுகூடத் தெரிந்தது. திரையின் மூலையில் எங்கள் படமும் சின்னதாக, பளிச்சென்று இருந்தது. அதே படம்தான் அவளுக்கும் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா என்னைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார். பிறகு பேசினார். அங்கிருந்து எனக்கு அவர் முழங்கை அசைவது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்கப்புறம் இன்னொரு தடவை. பிறகு கைகள் மடியில் இறங்கிவிட்டன. நான் எட்டிப் பார்த்தேன். திரையில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கும் கண் கலங்கியது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

அப்பா என் பக்கம் திரும்பி ஆள்காட்டி விரலை நிமிர்த்தினார். மடக்கினார். நிமிர்த்தினார். எழுந்து போய் வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தார். பெற்ற மகளைப் பார்த்து அந்த விரலை அவர் மடக்கியது அதுதான் முதல் தடவை.

தங்கைக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே அழுதாள்.

"அப்பா கை எனக்குத் தெரியவேயில்லக்கா. மூஞ்சி தெரியுது, கை ஆடுனா மட்டும் கலங்கிப் போவுது, அப்புறம் நின்னுடுது. ரெண்டு வாட்டி திரும்பச் சொல்லச் சொன்னேன். மூணாவது வாட்டியும் தெர்லன்னா அவரு மனசு என்னா ஆவும்? அதான் தலைய ஆட்டிட்டேன்."

நான் நேரே கேபிள்காரரிடம் போனேன். என் முஷ்டிகள் தன்னால் முட்டிக்கொண்டன. எங்களுக்கு வருகிற வேகம் சரி, எங்களிடமிருந்து போகிற வேகம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

"மேல போறதா? அத்த யாரு யக்கா கேக்குறா? எல்லாரும் கீழ எறக்கிகினுதான் கீறாங்க. ஒரே ஒயர்ல நாப்பது வூடு ஓடுது. ஞாயித்துக்கெயம அல்லாரும் வூட்ல கீறாங்கோ, நான் இன்னா பண்ணுவேன்?"

அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. பாட்டும் படமும் வாங்குகிற தெருவில், ஒரு மனிதர் தன் இரண்டு கையைக் கடல் தாண்டி அனுப்பப் பார்க்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அடுத்த ஒரு வாரம் ஆபீசில் அரை நாள் லீவு போட்டுப் போட்டு, அந்த ஒரே கேள்வியோடு அலைந்தேன். கம்ப்யூட்டரில் சொருகுகிற டேட்டா கார்டு விற்றவர், எங்கள் வீட்டில் சொருகிக் காட்டும்போதே சிக்னல் போய், சங்கடமாகச் சிரித்தார். கடைசியில் டெலிபோன் ஆபீஸ் கவுன்ட்டரில் இருந்த அம்மாளிடம் விஷயத்தையே சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"வேகம் கம்மிதாம்மா. ஆனா அந்த ஒயர் உங்க வீட்டுக்கு மட்டும்தான். மேல போறது கொஞ்சமா இருந்தாலும் நிக்காமப் போவும். ஒண்ணு சொல்லிடறேன், உங்க பக்கம் உப்புக் காத்துல லைன் எல்லாம் அரிச்சுக் கிடக்கு. அத பார்த்துச் சரி பண்ணாம நம்பாதீங்க."

விற்கிறவர் ஒருவர் தன் சரக்கின் குறையைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலேயே வாங்கினேன்.

அவர் சொன்னபடியே லைன் விட்டு விட்டுத்தான் வந்தது. ஆனால் மோடத்தின் பச்சை விளக்கை அப்பா பிடித்துக்கொண்டார். சத்தம் இல்லாத உலகத்தில் விளக்குதான் நம்பகமான ஆள். பட்டறைக்குக் கிளம்பும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்து, மூன்றே நாளில் கண்டுபிடித்தார். பனி பெய்த காலையில் அணைகிறது, வெயில் ஏறியதும் எரிகிறது.

லைன்மேன் வந்து பார்த்தார். "மோடம் நல்லாத்தான் கீது" என்று பையை எடுத்தார். அப்பா அவர் சட்டைக் கையைப் பிடித்து மொட்டை மாடிக்கு இழுத்துப் போனார். கைப்பிடிச் சுவரோரம், டேப் சுற்றிய ஓர் இணைப்பைக் காட்டினார். விரல்களால் பனி தூவினார், உள்ளங்கையை மூடி விளக்கை அணைத்தார். லைன்மேன் என்னைப் பார்த்தார்.

"நைனா இன்னா சொல்றாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் லைன்மேனே டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்பு பாசி பிடித்தது போல் பச்சையாக இருந்தது. "அட, கரீட்டாத்தான் சொல்லிகினு கீறாரு!" என்றார். பழைய ஒயரை வெட்டிப் போட்டு, தெருக்கம்பத்திலிருந்தே புது ஒயர் இழுத்தார். அப்பா தன் அரத்தை எடுத்துவந்து, பட்டறைக்காரப் பொறுமையோடு முனைகளைத் தேய்த்துக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். வார்த்தை மட்டும்தான் இல்லை.

அந்த ஞாயிறு அப்பா வெள்ளைச் சட்டையைத் தொடவில்லை. கை எடுப்பாகத் தெரியவேண்டும் என்று பட்டறையில் போடுகிற கருநீலச் சட்டையோடு உட்கார்ந்தார். இந்த முறை என்னைப் பின்னால் போகச் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றேதானோ, தெரியாது.

தங்கையின் முகம் முன்னைப்போல் துல்லியமாக இல்லை, தோடெல்லாம் தெரியவில்லை. அப்பா கன்னத்தில் விரலை அழுத்தி அவளைக் கூப்பிட்டார். அவளும் தன் கன்னத்தில் அழுத்தினாள். பிறகு அவர் மெதுவாக, ஒவ்வொரு சைகையையும் அந்தரத்தில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கோபம் இல்லை. அவ்வளவு பெரிய இடம். உன் மாமியார், மாமனார், எல்லாரும் இருப்பார்கள். நான் கையை ஆட்டினால் சுற்றி இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உனக்கு அவமானம். அதனால் வரவில்லை."

எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். திரையில் தங்கை அசையவில்லை. படம் நின்றுவிட்டது என்று பயந்து மோடத்தைப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பிறகு அவள் கைகள் கிளம்பின. "தப்பு!" உள்ளங்கையில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். "தப்பு! தப்பு! யார் பார்த்தால் எனக்கென்ன? எனக்குத் தலை வாரிவிட்ட கை. அத்தனை பேர் முன்னாலும் நீ ஆட்டியிருக்க வேண்டும், நானும் ஆட்டியிருப்பேன். நீ வராததுதான் அவமானம். கண்ணாடிக் கதவு வரைக்கும் உன்னைத் தேடினேன், தெரியுமா?" அழுதுகொண்டே திட்டினாள். முடித்துவிட்டாள் என்று நினைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வயதானவரை இப்படியா திட்டுவது என்று, அவளை நிறுத்தச் சொல்லிக் கையை நீட்டினேன். அப்பா என் கையைத் தட்டிவிட்டார். கண்ணீர் மீசையில் இறங்குவதைத் துடைக்கக்கூட அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விடு, திட்டட்டும்" என்றார் ஒற்றைக் கையால். "தலையாட்டவே இல்லை, பார்."