மிதிகட்டையைக் கழற்றிய பிறகு

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அவர்களில் ஒருவரைக்கூட மதியம் இரண்டு மணிக்கு என் பட்டறையில் தனியாக நிற்க வைக்க முடியவில்லை. கதை கட்ட எனக்கு நேரமும் இல்லை, புத்தியும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அதுவும் பட்டப்பகலில் நடந்தது.

என் பெயர் நெல்சோ. ரஃபேலா என்ற ஊரில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, அதைப் பட்டறை என்று சொல்லிக்கொள்கிறேன். தொழிற்சாலை வேலை போன பிறகு எனக்கும் என் மனைவி கிரிசெல்தாவுக்கும் இந்த இரண்டு கைகள்தான் முதலீடு. சுற்றுவட்டாரப் பால்பண்ணைகளின் கறவை இயந்திரங்களுக்கு உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பேன். அதற்காக, இரும்பைச் சுழலவிட்டுக் கடையும் ஒரு பழைய லேத்தை வாங்கினேன். விற்றவர் தெல்மிரா என்ற அம்மாள். இறந்துபோன அவருடைய கணவரின் இயந்திரம் அது. அந்த மனிதரை நான் உயிரோடு பார்த்ததே இல்லை.

இரும்பு தங்கமான இரும்பு. ஆனால் அதன் காலடியில் ஒரு மர மிதிகட்டை இருந்தது. அதை மிதித்துக்கொண்டே இருந்தால்தான் மோட்டார் ஓடும். காலை எடுத்தால் அடுத்த நொடி நின்றுவிடும். நாள் முழுக்கக் கொக்கு மாதிரி நிற்க எனக்கென்ன தலையெழுத்தா?

பக்கத்து வீட்டு சனுத்திக்கு மின்சார வேலை தெரியும். இருவரும் சேர்ந்து பழைய மோட்டாரையும் மிதிகட்டையையும் கழற்றினோம். புது மோட்டார் வைத்தோம். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு பெட்டி. பச்சைப் பொத்தானைத் தொட்டால் ஓடும். சிவப்பை அழுத்தினால் நிற்கும். அதுவரை ஓடிக்கொண்டே இருக்கும்.

“இந்தக் கட்டைய என்னடா பண்ணப்போற?” என்றார் சனுத்தி.

“கெப்ராச்சோ மரம்ணே. தணல் நின்னு எரியும். ஞாயித்துக்கிழமை கறி சுட ஆச்சு.”

“செத்தவன் வச்ச கட்டையில கறி சுடறியா? வெளங்கும்!”

சொன்னாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து விலா எலும்பைக் கடித்தவரும் அவர்தான்.

ஜனவரி, எங்கள் பக்கம் நடுக்கோடை. எங்கள் ஊரில் மதியச் சாப்பாடு முடிந்தால் நாலு மணி வரை எல்லோருக்கும் தூக்கம். தெருவில் நாய்கூட நடக்காது. இங்கே ஒருவரைக் கூப்பிட வாசலில் நின்று கைதட்டுவோம். ஆனால் தூக்க நேரத்தில் யாரும் யார் வாசலிலும் கைதட்ட மாட்டார்கள். செய்தால் திட்டு விழும். பண்ணைக்காரர் ஒருவர் அவசரப்படுத்தியதால், அந்த வாரம் தூங்காமல் லேத்தை ஓட்டினேன்.

திங்கள்கிழமை. இரண்டு மணி பத்து நிமிடம்.

டப்... டப்... டப்...

வாசலில் யாரோ கைதட்டினார்கள். சிவப்பை அழுத்திவிட்டுப் போனேன். தெரு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. ஒருவரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை. அதே நேரம்.

டப்... டப்... டப்...

இந்த முறை வாசலில் இல்லை. கம்பிக் கதவுக்கு உள்ளே, எலுமிச்சை மரத்தடியில். கதவு பூட்டித்தான் இருந்தது. லேத்தை நிறுத்தாமலே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மரத்தின் நிழல் மட்டும்தான் இருந்தது.

“வெயில் மண்டையில ஏறிடுச்சு உனக்கு,” என்றாள் கிரிசெல்தா. “பேசாம வந்து படு.”

படுத்திருக்கலாம். வீம்பு விடவில்லை.

புதன்கிழமை. லேத்தில் சுழலும் ஒரு இரும்புத் தண்டுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் உப்புத்தாளை இடது கை விரல்களில் சுற்றிக்கொண்டு பிடித்திருந்தேன். செய்யக்கூடாத வேலை. தெரிந்தேதான் செய்தேன்.

டப்... டப்... டப்...

கொட்டகைக் கதவருகே.

நான் திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சத்தம் நின்றது. மோட்டார் மட்டும் ஓடியது. முதுகெல்லாம் வேர்வை... ஆனால் பிடரி மட்டும் ஜில்லென்று ஆனது.

டப்!

காதுக்குப் பின்னால்.

அந்த உள்ளங்கைகளின் காற்று என் கன்னத்தில் பட்டது.

திரும்பிவிட்டேன்...

யாரும் இல்லை.

உப்புத்தாள் தண்டில் சுற்றியது. விரல்களையும் சேர்த்து இழுத்தது.

சிவப்புப் பொத்தான் அந்தப் பக்கம். எட்டவில்லை.

மணிக்கட்டு...

நின்றது.

மொத்தக் கொட்டகையிலும் மின்சாரம் போயிருந்தது. கதவருகே கிரிசெல்தா, தலைவிரிகோலமாக, மெயின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றாள். அவள் முதலில் கேட்டது என் கையைப் பற்றி அல்ல.

“எவன் அவன், தூங்கற நேரத்துல வந்து கைதட்டறது?”

அவளுக்கும் கேட்டிருக்கிறது. திட்டுவதற்காகத்தான் எழுந்து வந்திருக்கிறாள். அவள் மட்டும் தூங்கியிருந்தால்...

பதினோரு தையல். கை தப்பித்தது. கட்டோடு நேராகத் தெல்மிரா வீட்டுக்குப் போனேன். பயம் பாதி, ஆத்திரம் பாதி.

“உங்க வீட்டுக்காரர் என் பட்டறையில வந்து கைதட்டறாரும்மா. அந்த மிஷின திருப்பி எடுத்துக்குங்க.”

அவர் என்னை வெறித்துப் பார்த்தார்.

“அவரா? அவரால எப்படிக் கைதட்ட முடியும் தம்பி? அவருக்கு இடது கையே கிடையாது. அந்த மிஷின்லதான் போச்சு.”

தெல்மிரா தொடர்ந்தார்.

“அதுக்கப்புறம்தான் மிதிகட்டை வச்சாரு. அது கூப்பிடும்போது திரும்பினாலும் கால் நகரும், மிஷின் நின்னுடும்னு.”

“அது கூப்பிடும்போதா? அப்போ அவரும் கைதட்டறத கேட்டிருக்காரா?”

“மொதல்ல கைதட்டலா இருந்ததில்ல தம்பி. யாரோ ஒத்தக் கையால கம்பிக் கதவ அடிக்கிற மாதிரிதான் கேக்கும்னு சொல்வாரு. பட்... பட்...னு.”

“அப்புறம்?”

தெல்மிரா என் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரோட கை போச்சுல்ல? மறுநாள்லேர்ந்துதான் அது கைதட்ட ஆரம்பிச்சுது.”