கூரைக்கு ஒரு வாளித் தண்ணீர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் டிசைனர். வேலை விஷயமாக நானும் தோழி நஸ்ரீனும் இங்கிலாந்து போயிருந்தோம். ஒரு கிராமத்தில், மரச்சட்டங்களுக்கு நடுவே சுவர் வைத்து, மேலே வைக்கோல் வேய்ந்த பழங்கால வீட்டில் தங்கினோம். வீட்டுக்காரர் எலன் என்ற அம்மாள்.

சாயங்காலம் திடீரென்று வெடிச் சத்தம். ஊர்த் திருவிழாவாம். ஒரு ராக்கெட் கூரையை உரசுவது போலச் சீறிக்கொண்டு போனது. அவ்வளவுதான், வாளியைத் தேடி ஓடினேன். சின்ன வயதில் எங்களுடையதும் கூரை வீடு. தீபாவளிக்குத் தெருவே பட்டாசு வெடிக்கும். நானும் அம்மாவும் கூரையை நனைத்துக்கொண்டிருப்போம்.

தோட்டத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, கூரையைப் பார்த்து வீசினேன். அத்தனையும் நஸ்ரீன் தலையில் விழுந்தது.

"இன்னாடி பண்றே? இது இன்னா நம்மூரு தீபாவளியா?"

சத்தம் கேட்டு எலன் ஓடிவந்தார். வெட்கத்தோடு விஷயத்தைச் சொன்னேன். அவர் எங்களை வீட்டின் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே வாளிகள் நிரம்பித் தயாராக நின்றன.

"இன்னைக்கு ஊரே வானத்தைப் பார்க்கும். நான் மட்டும் கூரையைப் பார்ப்பேன்" என்றார்.

வாணவேடிக்கை எப்படி இருந்தது என்று ஆம்பூரில் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. கடைசி ராக்கெட் அணையும்வரை, ஆளுக்கொரு வாளியோடு மூவரும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுபோல ஒரு தீபாவளி எனக்கு அமைந்ததில்லை.