எங்கள் சந்தில் நின்றுபோன கார்

கல்யாணமாகி மர்பி டவுனுக்கு வந்த இரண்டாம் வருஷம். தொண்ணூறுகளின் பின்பாதி. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினார். நான் இரண்டு பஸ் மாறி பீன்யாவில் ஒரு தகட்டுப் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மெஷின் அடித்துத் தள்ளும் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்வந்து கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். வெளியே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் சட்டென்று நின்றது. எங்கள் சந்தில் சத்தம் கேட்டால் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். நின்றால் பார்ப்பார்கள்.

வாசலில் ஒரு கார். கார் என்று சொல்லவே நா எழவில்லை. மேலே கூரை இல்லை. பாலாடை நிறமும் அரக்குச் சிவப்புமாக, எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி அடுத்த வீட்டையும் தாண்டிப் போயிற்று. முன்சக்கரத்தின் மேலே எழும்பிய மட்கார்ட் அப்படியே அலைபோல இறங்கி, கதவோரமாக ஓடி, பின்சக்கரத்துக்கு முன்னால் கரைந்தது. எங்கே ஒட்டினார்கள், எங்கே மடித்தார்கள் என்று தெரியவில்லை.

காரின் முன்னால் ஒரு அம்மா, எழுபது வயது இருக்கும், காட்டன் புடவையும் தலையில் கட்டிய ஸ்கார்ஃபுமாக இன்ஜினைக் கிளப்ப ஒரு இரும்புக் கைப்பிடியை நுழைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். பழைய கார்களின் ஊர்வலத்துக்கு வந்தவராம். மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து எங்கள் சந்துக்குள் திரும்ப, வண்டி நின்றுவிட்டது. யாரையும் கிட்டே விடவில்லை. மூன்றாவது சுற்றில் கைப்பிடி எதிர்ப்பக்கமாக உதைத்தது. "அய்யோ" என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் ஓடிப்போய் ஈரத்துணி சுற்றிவிட்டேன். கன்னடக்கார அம்மா, ஆனால் தமிழ் நன்றாக வந்தது. வலியிலும் அவர் கண் வானத்தைத்தான் பார்த்தது. ஹலசூர்ப் பக்கம் மேகம் கறுத்திருந்தது.

"மழ வருதும்மா. உள்ள எல்லாம் தோலு, மரம். நனைஞ்சா போச்சு. கூரைத் துணிய இழுக்க எனக்கு ரெண்டு கையும் வேணும். தெரியாதவங்க இழுத்தா கிழிஞ்சிடும்."

சந்தின் முனையில் எங்கள் மாதா கோவில், அதன் காம்பவுண்டுக்குள் ஓடு வேய்ந்த போர்ட்டிகோ. அங்கே தள்ளிவிடலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். தள்ள ஆள் இருந்தது. ஸ்டீயரிங் பிடிக்கத்தான் போட்டி. "இன்னாமா யோசிக்கற? லைசன்ஸ் இருக்கற ஆளு நானு" என்று இவரே கதவருகில் போய் நின்றார். பின்னால் ஒரு லாரி டிரைவர், ஒரு வேன் டிரைவர்.

அந்த அம்மா என்னைக் காட்டினார். "நீ உக்காரு."

"எனக்கு சைக்கிள்கூடத் தெரியாது மேடம்."

"அதுக்குத்தான். இவங்கெல்லாம் ஓட்டத் தெரிஞ்சவங்க, அவங்க இஷ்டத்துக்குத் திருப்புவாங்க. நீ நான் சொல்றதக் கேப்ப."

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினேன். மசாலாக் கையைப் புடவையில் எத்தனை தடவை துடைத்தேனோ. சீட்டு என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. எதிரே வழவழப்பான மரப்பலகை, அதில் கடிகாரம்போல வட்ட வட்டமாக முட்கள். அதற்கப்பால் பானெட், முடிவே இல்லாமல். அதன் பளபளப்பில் எங்கள் வீட்டு ஓடும், கொடியில் தொங்கிய துணியும், வானமும் தலைகீழாகக் கிடந்தன. தினமும் பார்க்கிற சந்துதான். அதற்குள் இத்தனை வானம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து கியரைத் தள்ளி, பிரேக்கை விடுவித்தார். கார் நகர்ந்தது. துளிகூடச் சத்தமில்லை. ஸ்டீயரிங் அசையவே மறுத்தது. இரண்டு கையும் தோளும் போட்டுத் திருப்ப வேண்டியிருந்தது.

"சொல்ப லெஃப்டு. நிதானா. சாக்கு, சாக்கு, போதும்."

"ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி!" என்று பின்னாலிருந்து இவர் கத்தினார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோவில் கேட்டின் இரண்டு தூண்களும் என்னை நோக்கி வந்தன. அந்த இடைவெளியில் இது போகவே போகாது என்றுதான் நினைத்தேன்.

"தூணப் பாக்காத. போற எடத்தப் பாரு."

பார்த்தேன். போனது. போர்ட்டிகோவுக்குள் பின்சக்கரமும் ஏறும்போது மழை கொட்டத் தொடங்கியது. தள்ளினவர்கள் தொப்பலாக நனைந்தார்கள். காரின் பின்பக்கத்தில் மட்டும் நாலு துளி. அதை அந்த அம்மா தன் முந்தானையால் ஒற்றி எடுத்தார்.

மழை விடும்வரை எல்லோரும் அங்கேயே நின்றோம். நான் முன் மட்கார்ட் இரண்டையும் மாறிமாறித் தடவினேன். பழகின கை. ஒரு பக்க வளைவு கொஞ்சம் தட்டையாக இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுபோல இல்லியே மேடம்?"

அவர் சிரித்தார். "இல்லதான். இன்ஜின் ஒரு கம்பெனி, பாடி வேற பட்டறை. எங்க மாமனார் இப்பிடி வேணும்னு சொல்லி, இங்கிலாந்துல மரச்சட்டத்து மேல கையாலயே தட்டிச் செஞ்சு, கப்பல்ல வந்துச்சு. லெஃப்டு ஒருத்தர், ரைட்டு ஒருத்தர் தட்டியிருப்பாங்க போல."

அச்சு இல்லை, மெஷின் இல்லை. இரண்டு மனிதர்கள் எதிரெதிரே நின்று, கண்ணாலேயே அளந்து இந்த அலையைத் தகட்டில் எழுப்பியிருக்கிறார்கள். என் பட்டறையில் இது கழிவுக்கூடைக்குப் போகிற துண்டு. இங்கே கையை எடுக்க மனம் வரவில்லை.

இவர்தான் ஆட்டோவில் அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். எலும்பு பிசகியிருந்தது. மறுநாள் நான் பீன்யாவில் இருந்த நேரத்தில் மெக்கானிக் வந்து காரை எடுத்துப் போய்விட்டார். சாயங்காலம் வெறும் போர்ட்டிகோவைப் பார்த்துவிட்டு வந்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, "எப்படி இருந்துச்சு, உள்ள?" என்று இவர் மெதுவாகக் கேட்டார். ஸ்டீயரிங்கைப் பிடிப்பதுபோல இரண்டு கையையும் தூக்கி, அதன் கனத்தைக் காட்டினேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு காலை, சந்து முனையில் கனத்த ஹார்ன் கேட்டது. அந்த அம்மா, கை குணமாகி, தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். "ரெண்டு பேரும் ஏறுங்க."

இவர் பின்னால், நான் முன்னால். ஹலசூர் ஏரியைச் சுற்றி, எம்.ஜி. ரோட்டைத் தாண்டி, கப்பன் பார்க் வரை போனோம். பஸ்ஸில் எனக்குத் தெரிவது முன்னால் நிற்பவரின் முதுகு. இவருக்கு ஆட்டோவில் முன் வண்டியின் புகை. அன்று எங்களுக்கு மேலே ஒன்றுமே இல்லை. மரங்களின் அடிவயிறு, கிளைக்கு மேல் கிளையாக, வெயில் ஒழுக ஒழுகப் பின்னோக்கி ஓடியது. அண்ணாந்த தலையை நான் இறக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். இவரும் வாயைத் திறந்தபடி மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.